குப்பைக்குக் கூரை

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ புதிதாகக் குப்பைத் தொட்டி வைத்தால் படம் எடுத்துப் போடுகிறார்கள். உரத்தொட்டிக்கு மேலே நாலு தகரம் வேய்ந்ததை யாரும் படம் எடுத்துப் பார்த்ததில்லை. மலைமேல் ஒரு குப்பை மண்ணைக் கெடுக்குமா, கெடுக்காதா என்பதோ பெரும்பாலும் அந்தத் தகரத்தைப் பொறுத்தது. சமவெளி நகரங்களுக்கு எழுதிய குப்பைக் கையேட்டை அப்படியே லாரியில் ஏற்றி மேலே கொண்டுவந்து விட்டோம். கோயம்புத்தூரில் குப்பைக்காரர்களின் தலைவலி நாற்றமும் ஈயும். இங்கே மழைதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் திறந்த குப்பைமேட்டில் 100 மி.மீ. மழை பெய்தால் அதன்மேல் விழும் தண்ணீர் நான்கு லட்சம் லிட்டர். ஊட்டியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மி.மீ. கொடைக்கானலில் அதைவிட அதிகம். பந்தலூர், தேவாலா பக்கம் ஊட்டியைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மேலோடு வழிந்துவிடும். மிச்சம் குப்பைக்குள் இறங்கி, அழுகும் காய்கறியோடும் சோற்றோடும் புளித்து, அமிலமாகிறது. அந்த அமில நீர் தகர டப்பாவின் இரும்பையும், டார்ச் பேட்டரியின் துத்தநாகத்தையும் மாங்கனீஸையும் கரைத்து எடுத்துக்கொண்டு, கட்டங்காப்பி நிறத்தில் அடியில் கசிகிறது. பல வருடம் ஆன மேட்டில் அமிலம் தணிந்துவிடும். ஆனால் அம்மோனியா கசிவது நிற்காது.

தட்டையான ஊரில் இந்தச் சாறு பெரும்பாலும் நேர்கீழாக இறங்கும். மலையில் மேல்மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவே சரிவோடு பக்கவாட்டில் ஓடி, கொஞ்ச தூரம் தள்ளி எங்கோ ஊற்றாக வெளியே வரும். ஹட்டி எனப்படும் படுகர் ஊரின் குடிநீர்த் தொட்டியும், எஸ்டேட் லைன் வீடுகளின் குழாயும், கேரட் தோட்டத்துக் கிணறும் அப்படிப்பட்ட ஊற்றுகளை நம்பித்தான் இருக்கின்றன. குப்பைமேட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள் நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு கையடக்க டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாம், சில நூறு ரூபாய்தான். மலை ஊற்று நீரில் கரைந்த உப்பு இயல்பிலேயே குறைவு, லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே நிற்பதுதான் வழக்கம். மழைக்கு முன்னும் பின்னும் மாதாமாதம் ஒரே இடத்தில் பார்த்துக் குறித்து வாருங்கள். எண் மூன்று, நான்கு மடங்காக ஏறினால் குளோரைடு, அம்மோனியா சோதனைக்கு அனுப்பலாம். கிருமி இருக்கிறதா என்பதை இந்த மீட்டர் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மலையில் குப்பை போட்ட இடத்தில் இருப்பதில்லை. கொடைக்கானல் பிரகாசபுரம் கிடங்கின் குப்பை சரிந்து டைகர் சோலைக் காட்டுக்குள் போனது. ஊட்டி பஜாரில் சாக்கடையில் தள்ளியது கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் வத்தலகுண்டு சாலையோரம் சில்வர் கேஸ்கேட் அருவியாக விழுகிறது. ஏரியில் எறிந்த சிப்ஸ் பாக்கெட்டை அங்கே நின்று செல்ஃபி எடுப்பவர்கள் பார்க்கலாம்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மலைப் பகுதிகளுக்கென்று தனியாகச் சொன்னது இதனால்தான்: மலைமேல் குப்பை நிரப்புதளம் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும், வண்டி மாற்றி ஏற்றும் மூடிய நிலையம் ஒன்றில் மிச்சக் கழிவைச் சேர்த்து, கீழே சமவெளியில் 25 கிலோமீட்டருக்குள் நிலம் பார்த்து அங்கே கொண்டுபோக வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினால் கல்லாறு யானை வழித்தடம், கூடலூர் பக்கம் இறங்கினால் முதுமலைக் காடு. அதையும் தாண்டினால் வேறொரு ஊராட்சி, உங்கள் ஊர்க் குப்பையை நாங்கள் ஏன் வாங்க வேண்டும் என்று நியாயமாகவே கேட்கும். ஆகவே கீழே இறங்க வேண்டியது குறைந்தபட்சம், அதுவும் காய்ந்ததாக இருக்க வேண்டும். எடையில் பாதிக்கு மேல் இருக்கிற ஈரக்கழிவு மேலேயே, விளைந்த இடத்திலேயே, கூரைக்கடியில் மக்க வேண்டும். இந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குளிரில் மக்க வைப்பது

சமவெளியில் 45 முதல் 60 நாளில் முடிகிற உரம், 2,200 மீட்டர் உயரத்தில் 90 நாள் கேட்கும். நுண்ணுயிர் தானே சூடு உண்டாக்கும், ஆனால் அந்தச் சூடு தங்குவதற்கு ஒரு கனம் வேண்டும். 20 லிட்டர் வாளியில் போட்டு மாடத்தில் வைத்தால் சென்னையில் மக்கும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரியில் அது மக்காது, புளித்து நிற்கும். தனி வீட்டுக்காரர்கள் வாளியைச் சாக்கால் சுற்றி வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாம். அதைவிட நல்லது, நாலைந்து வீடு சேர்ந்து ஒரு தொட்டி கட்டுவது. குறைந்தபட்ச அளவு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றரை அடி உயரம்.

பத்து அறை காட்டேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீசனில் நாளொன்றுக்கு 20 கிலோ ஈரக்கழிவு வருகிறது என்று வையுங்கள். அதற்கு 6 முதல் 7 கிலோ காய்ந்த சருகு கலக்க வேண்டும். அப்போதுதான் கரிமமும் தழைச்சத்தும் முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வரும், ஈரமும் 60 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். சருகு குறைந்தால் மூக்கே சொல்லிவிடும்: மூத்திர வாடை அடித்தால் தழைச்சத்து மிகுதி, அழுகிய முட்டை வாடை அடித்தால் தண்ணீர் மிகுதி, உள்ளே காற்று இல்லை. மண்டியில் கழித்துப் போடும் கோஸ் இலையும் காலிஃபிளவர் தண்டும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அவற்றை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, சருகைக் கூட்டித்தான் போட வேண்டும். டீக்கடைச் சக்கை நல்ல சரக்கு. பால், சர்க்கரை ஒட்டியிருந்தால் ஈ மொய்க்கும், ஒரு தடவை அலசிவிட்டால் போதும்.

இந்தக் கணக்கில் ஒரு தொட்டி எட்டு, ஒன்பது நாளில் நிரம்பும். ஒரு மாதத்தில் பாதியாக அடங்கும், அப்போது இரண்டை ஒன்றாகச் சேர்க்கலாம். 90 நாளுக்கு எட்டுத் தொட்டி தேவை. கிளறுவதற்கு இடம் விட்டு 200 சதுர அடி. இதைச் சொன்னால் காட்டேஜ்காரர்கள் முகம் சுருங்கும். இரண்டு தொட்டி கட்டினால் போதும் என்று சொல்லிக் கட்டிக்கொடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம். பதினெட்டாவது நாள் இரண்டும் நிரம்பிவிடும், பத்தொன்பதாவது நாள் குப்பை பள்ளத்தில் இருக்கும்.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் சருகு. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை, தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பெய்கையில், காய்ந்த இலை எங்கே கிடைக்கும்? ஜனவரி முதல் ஏப்ரல் வரை சேர்த்து வைத்தால்தான் உண்டு. மாதம் 200 கிலோ என்றால் மூன்று மாத இருப்பே 600 கிலோ. மிதித்து அடுக்கினாலும் பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்றரை அடி உயரத்துக்கு வரும். சருகுக் கொட்டகை இல்லாத உரத்திட்டம் முதல் மழையோடு முடிந்துபோகும், ஆனாலும் வரைபடத்தில் அது இருப்பதே இல்லை. இடம் இல்லாதவர்கள் பொள்ளாச்சிப் பக்கமிருந்து தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கலாம். ஐந்து கிலோ கட்டி நனைத்தால் பல மடங்காக உப்பும் என்பதால், அதை நனைக்காமல் உடைத்துத் தூவ வேண்டும், ஈரத்தைக் குப்பையிலிருந்தே அது உறிஞ்சட்டும். மரத்தூள் என்றால் கையளவாகவே போதும். அதில் கரிமம் மிக அதிகம், கூடினால் குவியல் செத்துப்போகும்.

எல்லா இலையும் ஒன்றில்லை. சீகை (வாட்டில்) மர இலை பொடிசு, தழைச்சத்தும் உள்ளது, சீக்கிரம் மக்கும். சில்வர் ஓக் இலை தோல்போலத் தடிப்பாக இருக்கும், நொறுக்கிப் போட வேண்டும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையிலும் பைன் ஊசியிலும் எண்ணெயும் பிசினும் இருப்பதால் மொத்தச் சருகில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சோலைக்குள் புகுந்து சருகு வாருவது சட்டப்படியும் தப்பு, சோலைக்கும் கேடு. சாலையோரமும் தோட்டமுமே போதுமான அளவு தரும்.

தொட்டியின் தரை சிமெண்டாக, ஐம்பதுக்கு ஒன்று சரிவோடு இருக்கட்டும். சரிவின் முடிவில் 50 லிட்டர் குழி வைத்தால் சாறு அதில் சேரும். அதை மேலே திரும்ப ஊற்றலாம், பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கும் விடலாம். சுவரில் காற்றுக்கு இடைவெளி, உட்பக்கம் எலி நுழையாத அரை அங்குல வலை. அடியில் அரை அடிக்குத் தேயிலைக் கவாத்துக் குச்சி பரப்பினால் காற்று கீழிருந்து ஏறும். கூரையின் இறவாணம் நாலு பக்கமும் இரண்டடி நீண்டிருக்க வேண்டும், மலை மழை செங்குத்தாகப் பெய்வதில்லை. கூரை போட்டும் தொட்டி சொதசொதவென்று இருக்கிறது என்ற புகாரில் பெரும்பாலும் காரணம் ஒன்றே: மேட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டவில்லை. மேலே பெய்த மழை மண்ணுக்குள் ஊறி வந்து சுவரடியில் நுழைகிறது. தொட்டிக்கு மேட்டுப்புறம் ஓரடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

முதல் அடுக்கில் ஒரு வாளி சாணப்பால் தெளித்தால் வேலை சீக்கிரம் ஆரம்பமாகும். இரும்புக் கம்பி ஒன்றை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் 55 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. அந்தச் சூடு சில நாள் நிற்க வேண்டும், அப்போதுதான் களை விதையும் கிருமியும் சாகும். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறி, வெளியில் இருந்ததை உள்ளே தள்ள வேண்டும். பெரிய ஓட்டல்கள் வாங்கும் 24 மணி நேர உர இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அது கொடுக்கும் பழுப்புப் பொடி உலர்த்தி அரைத்த சாப்பாடு, உரம் ஆகவில்லை. செடிக்குப் போட்டு நனைத்தால் திரும்பச் சூடேறி வேரைச் சுடும். தொட்டியில் மூன்று வாரமாவது பழுக்க வைக்க வேண்டும். அப்படியென்றால் அந்த விலைக்கு எத்தனை கூரை போடலாம் என்று கேட்கத் தோன்றுகிறது.

‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பையையும் இந்தத் தொட்டியில் போட வேண்டாம். ஐ.எஸ். 17088 தரச் சான்று பெற்ற பை பெரிய உரக்கூடத்தின் நீடித்த சூட்டுக்காகச் செய்யப்பட்டது. ஊட்டிக் குளிரில் அது மாதக்கணக்கில் பையாகவே கிடக்கும்.

கரடி, குரங்கு, நாய், சிறுத்தை

கோழிக்கடைக் கழிவும் எலும்பும் மேற்சொன்ன தொட்டிக்கு வேண்டாம், மூடியுள்ள தனித் தொட்டி வேண்டும். தெருவில் போட்டால் நாய் பெருகும், நாய் பெருகினால் அதைத் தேடிச் சிறுத்தை ஊருக்குள் வரும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரடி எண்ணெய் வாடைக்கு மயங்கும். பலகாரக் கடைக்காரர்கள் காலி எண்ணெய் டின்னைக் கழுவிக் கவிழ்த்து உள்ளே வைக்க வேண்டும். வெறும் மூடியைக் கரடி தள்ளும், குரங்கு தூக்கும். மடக்கிய தகட்டுக்கு உள்ளே விரல் விட்டுத் திறக்கும் தாழ்ப்பாள்தான் இரண்டுக்கும் சரிப்படும், தொட்டியையும் காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

காட்சிமுனைகளில் வைத்த தொட்டி பொழுது சாய்வதற்குள் காலியாக வேண்டும். அப்படி அள்ள ஆளில்லாத இடத்தில் தொட்டி வைக்காமல் இருப்பதே மேல். ராத்திரி முழுக்க நிரம்பிக் கிடக்கும் தொட்டி காட்டெருமைக்கும் கடமானுக்கும் பந்தி விரித்தது மாதிரிதான், உப்புக்கும் சாப்பாட்டு வாடைக்கும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கிவிடும். வீடுகளில் முந்தின இரவே வாசலில் பையைக் கட்டி வைக்கும் பழக்கமும் இப்படித்தான். தூய்மைப் பணியாளரின் வண்டி மணி கேட்ட பிறகு எடுத்துக் கொடுத்தால் போதும்.

காய்ந்தது காய்ந்தபடி

நீலகிரி 2000-களின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் பையை விரட்டத் தொடங்கிய மாவட்டம். அப்போது ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகுவின் முயற்சி அது. 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கவே ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் அடக்கம். கல்லாறு, குஞ்சப்பனை, நாடுகாணி சோதனைச்சாவடிகளில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைக்கிறார்கள். 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பூ பாக்கெட்டின் பல அடுக்குத் தாள். பழைய இரும்புக் கடை இதை வாங்காது. சிமெண்ட் ஆலைச் சூளைதான் கடைசி வழி.

ஆலை ஈரத்தை ஏற்காது. எரிபொருளாக அனுப்பும் கழிவில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், பி.வி.சி. கலக்கக் கூடாது, அதிலுள்ள குளோரின் சூளையைக் கெடுக்கும். சாம்பார் ஒட்டிய கவரும், மழையில் நனைந்த சாக்கும் திரும்பி வரும், போகவர லாரிக் கூலியோடு. அதனால் பிரித்து வைக்கும் கிடங்குக்கும் கூரை, தரையிலிருந்து அரை அடி உயர்ந்த பலகை, பக்கவாட்டில் காற்று. இறுக்காத பிளாஸ்டிக் ஒரு கன மீட்டருக்கு 30, 40 கிலோதான் நிற்கும், பேலிங் எந்திரத்தில் அழுத்தினால் 200-க்கு மேல் போகும். இறுக்காமல் கொண்டைஊசி வளைவுகளில் லாரி விடுவது டீசலுக்குக் காற்றை ஏற்றி இறக்குவதுதான்.

கண்ணாடிக்கு ஒரு வழி கிடைத்தது. 2022 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் உடைத்து எறியும் பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிப்பது நீதிமன்றம் கவலைப்பட்ட விஷயம். எத்தனை பலகை வைத்தாலும் கேட்காதவன் பத்து ரூபாய்க்குக் கேட்டான். எறிந்த பாட்டிலையும் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்க ஆள் வந்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்கும் இதைச் செய்யலாம் என்றால் மட்டும் ஏனோ எல்லோருக்கும் காது அடைத்துப்போகிறது.

நாப்கினும் டயப்பரும் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டியவை. பூச்சிமருந்து பாட்டிலை மூன்று தடவை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பாட்டிலை ஓட்டை போட்டுத்தான் கழிக்க வேண்டும்.

வெந்நீர் அடுப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே பாதி வீடுகளில் காலையில் பாக்கெட்டும் கவரும் அதில்தான் போகிறது. சாம்பல் காய்கறிப் பாத்திக்குப் போகிறது. மலை மண் புளிப்பு மண், விறகுச் சாம்பல் கொஞ்சம் போட்டால் அதற்கு நல்லதுதான். பிளாஸ்டிக்கும் அச்சு மையும் எரிந்த சாம்பலில் ஈயமும் மற்ற உலோகங்களும் தங்கும், கீரை அதை எடுத்துக்கொள்ளும். புகையிலுள்ள டையாக்சின் என்ற நஞ்சு இன்னொரு கதை.

உலோகம் மண்ணில் இறங்கினால் எவ்வளவு நாள் படுத்தும் என்பதற்குப் பழனி மலையே சாட்சி. 1980-களில் கொடைக்கானலுக்கு வந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடி 2001-இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது. இந்துஸ்தான் லீவரின் அந்த ஆலை அத்தோடு மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆலை வளாக மண்ணைச் சுத்தம் செய்வதில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவு போதுமா என்ற வாதம் அதற்குப் பின்னும் பல ஆண்டு நடந்தது. உங்கள் வீட்டு சி.எஃப்.எல். பல்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டைப் பெட்டியில் வைத்து அபாயக் கழிவாகக் கொடுங்கள்.

கடைசியாகப் பழைய மேடுகள். ஊட்டியின் தீட்டுக்கல், குன்னூரின் ஓட்டுப்பட்டறை, கொடைக்கானலின் பிரகாசபுரம் போன்ற கிடங்குகளில் பல பத்தாண்டுக் குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிக்கும் வேலைக்கு மலையில் கிடைப்பது ஜனவரி முதல் மே வரைதான். ஈரம் 30 விழுக்காட்டைத் தாண்டினால் சல்லடை உருளையின் கண் அடைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கோடு மண் ஒட்டிக்கொண்டு எதுவும் எதற்கும் ஆகாமல் போகும். மழை தொடங்குமுன் தொடாத பகுதியைத் தார்ப்பாயாலோ களிமண்ணாலோ மூடி, மேட்டுப்புறம் வாய்க்கால் வெட்டி, அடிவாரத்தில் கல் நிரப்பிய கம்பிவலைச் சுவர் எழுப்ப வேண்டும். தோண்டுவது எப்போதும் உச்சியிலிருந்து கீழே. லாரி நிற்க வசதி என்று அடிவாரத்தில் கை வைத்தால் மேடு முழுக்க இறங்கிவிடும். சலித்துக் கிடைக்கும் பொடிமண்ணைத் தேயிலைக்கும் காய்கறிக்கும் இலவசமாகக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் ஈயம், காட்மியம், குரோமியம் அளவுக்கான ஆய்வறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால் அது கிடங்குக்குள்ளேயே பள்ளம் நிரப்பவும் சரிவை மூடவும் ஆகட்டும்.